ஓ.பி.ஜி.யில் சிக்காத பல் சொத்தை

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வருமானத்தில் முக்கால்வாசி கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. முகூர்த்த மாதங்களில் மூன்று வேளையும் பந்திச் சாப்பாடுதான், அதுவும் எல்லாரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தி. 2022 தை மாதம் முழுக்க ஒரு தொந்தரவு. முருங்கைக்காய் தின்றால் இடதுபக்கக் கீழ்வரிசையில் எப்போதும் ஒரே சந்தில் நார் போய் மாட்டிக்கொள்ளும். நாக்கால் நெம்பி, பல்குச்சியால் குத்தி, ஒருநாள் கேமரா பையில் கிடந்த சேஃப்டி பின்னைக்கூட விட்டுப் பார்த்துவிட்டேன் (தயவுசெய்து செய்யாதீர்கள், ஈறு வீங்கி இரண்டு நாள் அந்தப் பக்கம் சோறு மெல்ல முடியவில்லை). வலி மட்டும் இல்லை. வலி இல்லாமல் பல் டாக்டரிடம் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

மாசியில் ஒருவழியாகப் போனேன். வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஸ்கேன் சென்டரில் ஓ.பி.ஜி., அதாவது மொத்தப் பல்வரிசைக்குமான எக்ஸ்ரே, எடுத்து வாருங்கள் என்று. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு ரவுண்டு போகும், பதினைந்து செகண்ட் இருக்கும். 500 ரூபாய். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை மொத்தப் பல்லும் ஒரே ஷீட்டில் வந்துவிடுகிறது, பார்க்க ஜோராக இருக்கும். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சொத்தை எதுவும் தெரியலை சார். ஞானப்பல் சாய்ஞ்சிருக்கு, அதை எடுத்துடலாம்" என்றார். அந்த ஞானப்பல் என்னை ஒன்றும் செய்யவில்லையே என்று எழுந்து வந்துவிட்டேன். படத்தில் இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

ஐப்பசியில் ஒரு ரிசப்ஷன். பீடாவோடு நீட்டிய ஐஸ்கிரீமை வாயில் வைத்ததும் அதே இடத்தில் சுரீர் என்று இழுத்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த முறை எங்கள் தெருவில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த ஒரு லேடி டாக்டரிடம் போனேன். கையோடு அந்த ஓ.பி.ஜி.யை எடுத்துப் போயிருந்தேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "இந்தப் படத்துல உங்க கேள்விக்குப் பதில் இல்லை சார்" என்றார். அப்புறம்தான் வாயைப் பார்த்தார், அதுவும் எப்படி, முதலில் நன்றாகச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து, காற்றடித்துப் பல்லைக் காயவைத்து. ஈரமாக இருக்கிற பல்லில் ஆரம்ப சொத்தை தெரியவே தெரியாதாம், காய்ந்தால்தான் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாகத் தெரியும். மேலே ஒன்றும் இல்லை. ஃப்ளாஸ் நூலை அந்தச் சந்தில் விட்டு இழுத்தார், நூல் திரிதிரியாகப் பிரிந்து வந்தது. "இங்க ஓரம் உடைஞ்சிருக்கு. பைட்விங் எடுப்போம்" என்றார்.

பைட்விங் என்றால், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சென்சாரை நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து, அதில் ஒட்டியிருக்கிற ஒரு சின்னப் பட்டையைக் கடித்துக்கொள்வது. கன்னத்துக்கு வெளியேயிருந்து எக்ஸ்ரே வரும். மேல்பல், கீழ்ப்பல் இரண்டின் தலைப்பகுதியும் ஒரே படத்தில் விழும், வேர் முழுசாக வராது. சென்சார் தடிமனாக இருப்பதால் உள்நாக்குப் பக்கம் குமட்டும், மூக்கால் மூச்சு விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு செகண்டில் சின்னப் பங்குதான், டக் என்று முடிந்தது. திரையில் படம் வந்ததும் அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை, எனக்கே தெரிந்தது. இடது கீழ் இரண்டாவது முன்கடைவாய்ப் பல், அவர்கள் கணக்கில் 35ஆம் நம்பர், அதன் பின்பக்கச் சுவரில், அடுத்த பல்லைத் தொடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, கறுப்பாக ஒரு முக்கோணம், அது பல்லின் கெட்டியான மேலோடான எனாமலைத் தாண்டி உள்ளே பரந்திருந்தது. எதிரே 36ஆம் நம்பர் கடைவாய்ப் பல்லின் சுவரிலும் சின்னதாக ஒரு நிழல்.

அப்படியானால் ஓ.பி.ஜி.யில் ஏன் இல்லை? இதை அவர் விளக்க ஆரம்பித்ததும் நான் சிரித்துவிட்டேன், என் தொழில் சமாச்சாரமாகவே இருந்தது. மண்டப மேடையில் முப்பது பேரை வளைவாக நிற்க வைத்து ஓரத்திலிருந்து எடுத்தால் பெரியம்மா தோளுக்குப் பின்னால் சித்தப்பா பாதி மறைந்துவிடுவார். இருக்கிறார், ஆனால் தெரியமாட்டார். பல்வரிசையும் வளைவுதான். ஓ.பி.ஜி.யில் கதிர் சுற்றிக்கொண்டே போகும்போது எல்லாச் சந்திலும் நேராக நுழைய முடியாது, குறிப்பாக முன்கடைவாய்ப் பல் இருக்கிற இடத்தில் ஒரு பல் இன்னொரு பல்மேல் ஏறி விழுந்து படத்தில் வெள்ளையாகிவிடும். எனக்குச் சொத்தை இருந்தது சரியாக அங்கேதான். போதாததற்கு, ஓ.பி.ஜி. ஒரு குறிப்பிட்ட பட்டையில் இருப்பதை மட்டும்தான் ஃபோகஸில் வைத்திருக்கும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பது கலங்கிவிடும். கூர்மையும் குறைவு. வாய்க்குள் வைக்கிற நல்ல சென்சார் ஒரு மில்லிமீட்டருக்குள் இருபது ஜோடிக் கோடுகள் அளவுக்குப் பிரித்துக் காட்டுகிறது என்றால் ஓ.பி.ஜி. ஐந்தைச் சுற்றித்தான். எழும்பாத ஞானப்பல், தாடை எலும்பு, கட்டி, முறிவு இதற்கெல்லாம் ஓ.பி.ஜி.தான் ராஜா, அதில் எனக்குச் சண்டை இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிற சின்னச் சொத்தைக்கு அது ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன், பழக்கதோஷம். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில், இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், 1896 ஜனவரியில் ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயிலேயே கண்ணாடித் தட்டை வைத்துப் படம் எடுத்துவிட்டார். எக்ஸ்போஷர் 25 நிமிஷம்! அரை செகண்ட் ஆடாமல் நிற்க மாட்டேன் என்கிற மாப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பைட்விங் முறையை அமெரிக்காவில் ஹோவர்ட் ரேப்பர் கொண்டுவந்தது 1925இல். அதாவது நூறு வருஷப் பழைய விஷயம். புது மெஷின் கண்டுபிடிக்காததை நூறு வருஷப் பழசு கண்டுபிடித்தது என்று டாக்டரிடம் சொன்னபோது, "மெஷின் வேலை செஞ்சுதே சார், கேள்விதான் வேற" என்றார்.

35ஐத் திறந்த அன்று இன்னும் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, படத்தில் பார்த்ததைவிடச் சொத்தை ஆழமாக இருந்தது. எப்போதும் அப்படித்தானாம். பல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் கறுப்பு தட்ட ஆரம்பிக்கும், அதனால் படம் எப்போதும் நிஜத்துக்கு ஒரு அடி பின்னால் இருக்கும். நல்லவேளை, நரம்புக்கு எட்டவில்லை, ரூட் கெனால் இல்லாமல் ஃபில்லிங்கோடு தப்பித்தேன். இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பிடித்தது. 35இன் பின்சுவரைத் தோண்டியதும் 36இன் முன்சுவர் வெட்டவெளியாகத் தெரிந்தது. டாக்டர் ஒரு கண்ணாடியைப் பிடித்து எனக்கும் காட்டினார். அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, மேல்பரப்பு சொரசொரப்பு, ஆனால் குழி இல்லை. படத்தில் அந்த நிழல் எனாமலுக்குள்ளேயே நின்றிருந்தது. எனாமலுக்குள் மட்டும் நிற்கிற சொத்தையில் பெரும்பாலும் ஓட்டை விழுந்திருக்காது, ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, சந்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம், அதனால் 36ஐத் தொடப்போவதில்லை என்றார். ஒரே படத்தில் இரண்டு நிழல், ஒன்றைத் தோண்டினார், ஒன்றை விட்டார். நிழல் தெரிந்தாலே தோண்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது எனாமலில் நிற்கிறதா, அதற்கு அடியில் இருக்கிற டென்டினுக்குள் போய்விட்டதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பல பேருடைய பல் பிழைக்கும்.

பைட்விங்கும் தெய்வவாக்கு கிடையாது. 2023இல் ஒரு வேலையாகச் சென்னையில் நான்கு நாள் தங்கியிருந்தபோது ஃபில்லிங் ஓரம் கொஞ்சம் பெயர்ந்தது. லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக், பெயர் வேண்டாம். ஒரு ஆர்.வி.ஜி. எடுத்தார்கள் (வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கிற எல்லாப் படத்தையும் நம் ஊர் கிளினிக்குகளில் இப்படித்தான் சொல்கிறார்கள்), 37ஆம் நம்பர் பல்லின் கழுத்தில் கறுப்பாக இருக்கிறது, சொத்தை, உடனே ஃபில்லிங் என்றார்கள். எஸ்டிமேட்டே எழுதிவிட்டார்கள். ஊருக்கு வந்து காட்டினேன். எங்கள் டாக்டர் படத்தைப் பெரிதாக்கி, "எனாமல் முடியற இடம் இது, எலும்பு தொடங்கற இடம் இது, நடுவுல பல் ஒல்லியா இருக்கு, கதிர் ஜாஸ்தியா ஊடுருவும், அதனால கறுப்பாத் தெரியுது" என்றார். அப்புறம் குழாயின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி இன்னொன்று எடுத்தார், கறுப்பு காணோம். கருவியால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. இந்தப் பொய்ச் சொத்தை அவர்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதாம். சென்னைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவசரத்தில் பார்த்திருக்கலாம். ஆனால் நிஜச் சொத்தை கோணம் மாறினாலும் அங்கேயேதான் இருக்கும்.

மனைவிக்கு வேறு கதை. அவள் அலுவலகத்தில் இலவசப் பல் முகாம். பேனா மாதிரி ஒரு கருவியைப் பல்லின்மேல் வைத்தால் சத்தம் போடும், நம்பர் வரும். சிவப்பு லேசர் ஒளியைப் பல்லுக்குள் அனுப்பி, சொத்தையான இடம் திருப்பி விடுகிற ஒளிர்வை அளக்கிற கருவி அது, 0 முதல் 99 வரை. ஆறு பல்லில் நம்பர் ஏறியதென்று ஆறு சொத்தை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஒரு நாளைக்கு நான்கு டிகிரி காபி குடிப்பவள், ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை வேறு. கறை, காரை, பல்லில் ஒட்டியிருக்கிற அழுக்கு, பழைய ஃபில்லிங் எல்லாவற்றுக்குமே அந்தப் பேனா சத்தம் போடும். நன்றாகக் கிளீனிங் செய்த பிறகு பார்த்தால் மிஞ்சியது ஒன்று. கடைவாய்ப் பல்லின் மேல்பள்ளங்களுக்கு அது துணைக்கருவிதான், கதிர்வீச்சு கிடையாது, சரி. அந்த நம்பரை மட்டும் வைத்துப் பல்லைத் தோண்டக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, மேல்பள்ளத்துச் சொத்தை பைட்விங்கிலும் சீக்கிரம் தெரியாது, மேலே இருக்கிற தடித்த எனாமல் மறைத்துவிடும், நன்றாக உள்ளே இறங்கிய பிறகுதான் காட்டும். அங்கே காய்ந்த பல், நல்ல வெளிச்சம், டாக்டரின் கண், இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை.

மகளுக்கு எட்டு வயது. பால்பல் கடைவாய்கள் ஒன்றையொன்று அகலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், எனாமலும் மெல்லிசு, சொத்தை பிடித்தால் மளமளவென்று இறங்கிவிடும். சென்சாரை வாயில் வைத்ததும் ஓங்கரித்துவிட்டாள், இரண்டாம் தடவை வாயையே திறக்கவில்லை. திருச்சியில் குழந்தைகளுக்கென்று இருக்கிற ஒரு கிளினிக்கில் அகச்சிவப்பு ஒளிக் கேமரா இருந்தது. பல்லை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஒளியைப் பாய்ச்சும், மேலேயிருந்து கேமரா பார்க்கும். அந்த ஒளியில் நல்ல எனாமல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது, சொத்தை மட்டும் நிழலாக நிற்கிறது. எக்ஸ்ரே இல்லை, அதனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் வீடியோ கேம் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனாமல் மட்டத்தில் இருப்பதைப் பிடிக்க அருமையான சாதனம்தான், ஆனால் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது என்பதோ, வேர்நுனியோ, பழைய உலோக ஃபில்லிங்குக்கு அடியில் இருப்பதோ அதற்குத் தெரியாது. அவளுக்கு ஒரு இடத்தில் நிழல் கொஞ்சம் பெரிதாக இருக்கவே, ஆழம் பார்க்க அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பைட்விங் எடுத்தார்கள். சென்சாருக்குப் பதில் மெல்லிசான பாஸ்பர் தகடு, குழந்தை சைஸ். ஸ்கேனரில் போட்டு எடுக்க ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகும், ஆனால் ஓங்கரிக்கவில்லை. குமட்டல் உள்ளவர்கள் இந்தத் தகடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாதான் கடைசி. பத்து வருஷத்துக்கு முன் கேப் போட்ட பல்லில் வலி. ஓர் இடத்தில் நேரே 3டி ஸ்கேன், அதாவது சி.பி.சி.டி., எழுதிவிட்டார்கள். 1,800 ரூபாய். பெரிய ஸ்கேன், எல்லாம் தெரியும் என்று நானும் நம்பினேன். கேப் உலோகம். உலோகத்தைச் சுற்றிக் கதிர் சிதறிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக அடித்துவிட்டது, நகைக்கடை வாசலில் நேர் ஃபிளாஷ் அடித்த மாதிரி. அந்தக் கறுப்புப் பட்டைகள் பக்கத்துப் பல்லில் சொத்தை போலவே இருக்கும், அதை நம்பித் தோண்டியிருந்தால் நல்ல பல் போயிருக்கும். சி.பி.சி.டி. வேர்க்குழாய், இம்பிளான்ட், புதைந்த பல், இதற்கெல்லாம் பிரமாதம். வெறும் சொத்தை பார்ப்பதற்காக அதை எடுப்பது சரியில்லை என்பது எங்கள் டாக்டரின் கட்சி. முடிவில் அம்மாவின் பல்லைக் காட்டிக்கொடுத்தது 200 ரூபாய் படம், வேர்நுனி வரை தெரிகிற ஐ.ஓ.பி.ஏ. கேப்பின் ஓரத்துக்குக் கீழே அரித்திருந்தது. உலோகக் கேப்புக்கு அடியில் இருப்பதை எந்தப் படமும் காட்டாது, ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். அம்மா டாக்டரைப் பார்த்து, "ஏம்மா, இதை முதல்லயே எடுத்திருக்கலாமே" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சின் அளவு, ஒரு மில்லிசீவர்ட் என்றால் ஆயிரம் மைக்ரோசீவர்ட்) வாங்குகிறோம், ஒரு நாளைக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட். மணவாளக்குறிச்சி மாதிரி மோனசைட் மணல் உள்ள கடற்கரையில் இன்னும் அதிகம். ஒரு பைட்விங் சில மைக்ரோசீவர்ட்தான், ஏறக்குறைய அந்த ஒரு நாள் கணக்கு. ஓ.பி.ஜி. அதைவிடச் சில மடங்கு. சி.பி.சி.டி. எடுக்கிற பரப்பைப் பொறுத்துப் பத்துக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கு வரை போகும். அதனால் சின்னப் படத்துக்குப் பயப்படாதீர்கள், தேவையில்லாத பெரிய படத்துக்கு யோசியுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளினிக்கின் எக்ஸ்ரே மெஷின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில், அதாவது ஏ.இ.ஆர்.பி.யில், பதிவாகியிருக்க வேண்டும், கேட்பதில் தப்பில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுப்பது? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2012இல் சொன்னது, சொத்தை அபாயம் அதிகமில்லாத பெரியவர்களுக்கு பைட்விங் 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை, அபாயம் அதிகமென்றால் 6 முதல் 18 மாதம். ஒவ்வொரு தடவை கிளினிக் ஏறும்போதும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அப்புறம் என் தொழில் புத்தியில் ஒன்று சொல்கிறேன். படத்தை ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். மானிட்டரை செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை வைத்து எந்த டாக்டராலும் எனாமலையும் டென்டினையும் பிரிக்க முடியாது, வாட்ஸ்அப் அமுக்கி வைக்கிற அமுக்கில் மணப்பெண் மூக்குத்தியே காணாமல் போகிறது. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபைல் பெயரில் தேதியும் பல் நம்பரும் போட்டு வையுங்கள். பைட்விங் பார்க்கும்போது அடுத்தடுத்த பற்களுக்கு நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம், கோடு இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெள்ளையாக இருந்தால் அந்தச் சந்தைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லவில்லை, கோணம் மாற்றி எடுக்கச் சொல்லலாம். பழைய படம் இருந்தால் புதுப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

36இன் அந்த நிழலை அப்படித்தான் பின்தொடர்ந்தோம். 2024 பங்குனியில் திரும்பவும் ஒரு பைட்விங், முடிந்தவரை அதே கோணம். திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து டாக்டர் அளவுகோலை இழுத்துப் பார்த்தார், நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு நூல்கூட நகரவில்லை. "இனி ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம் சார், ஃப்ளாஸ் மட்டும் விட்டுடாதீங்க" என்றார். 250 ரூபாய் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அன்று சாயங்காலம் தாராசுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம், கடைசிப் பந்தியில் இலையில் நான்கு முருங்கைக்காய்த் துண்டு விழுந்தது. இடது பக்கமாகவே மென்றேன். கேமரா பையில் இப்போது சேஃப்டி பின் இருந்த இடத்தில் ஒரு ஃப்ளாஸ் டப்பா இருக்கிறது.